'திடீரென்று கடித்தது' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்த்த நாய் வீட்டு ஆளையே கடித்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் 'திடீரென்று' என்ற சொல் தவறாமல் அதில் வந்துவிடுகிறது. இத்தனை வருடம் சாதுவாக இருந்த நாய் திடீரென்று பாய்ந்தது, திடீரென்று அதன் குணம் மாறிவிட்டது என்கிறார்கள். வீட்டுக்காரர் சொன்னதைத்தான் நிருபர் எழுதுகிறார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற எங்களுக்கு அந்தச் சொல் நெருடுகிறது. நாயின் சுபாவம் ஒரு நொடியில் மாறுவது மிக அரிது. பல நாட்களாக, சில வீடுகளில் மாதக்கணக்கில், அது தன் உடம்பால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். பல் பட்ட பிறகுதான் வீடு திரும்பிப் பார்க்கிறது. அடுத்த நாளே சங்கிலி, அல்லது ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது. இரண்டையும் தடுக்க முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வாலிலிருந்து தொடங்கலாம். வாலை ஆட்டினாலே சந்தோஷம் என்று பலரும் நம்புகிறார்கள். இடுப்பும் சேர்ந்து வளைய, தளர்வாக, அகலமாக ஆடுகிற வால்தான் 'குழைகிற' வால். முதுகுக்கு மேலே கம்பி மாதிரித் தூக்கி, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் அது பரபரப்பு. அப்போது பக்கத்தில் போகக்கூடாது. இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வளர்ப்பவரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடியது. முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. வீட்டில் இதைக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் எல்லா வாலாட்டலும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

வாலைவிட முகம் அதிகம் சொல்லும். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்க, அப்பா செல்போனில் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். சற்று முன்வரை நாக்கைத் தொங்கப்போட்டுத் திறந்திருந்த வாய் இறுக மூடியிருக்கும். முகம் குழந்தைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். காது பின்னால் ஒட்டியிருக்கும். கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். படத்தில் பிடிபடாத இன்னொன்றும் உண்டு: தின்ன எதுவும் இல்லாதபோதே நாக்கு நுனி மூக்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் போயிருக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவதும், நனையாமலே உடம்பை உதறிக்கொள்வதும் இதே வகைதான். 'எனக்கு இது பிடிக்கவில்லை, விட்டுவிடு' என்பதற்கு நாயிடம் உள்ள மென்மையான வார்த்தைகள் இவை. அடுத்த படி, அப்படியே உறைந்து நிற்பது. உடம்பு விறைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரு நொடி, இரண்டு நொடி. பார்ப்பவர்கள் இதை 'எவ்வளவு பொறுமையாக இருக்கிறது பார்' என்கிறார்கள். அந்த நொடியில் குழந்தையை அலறி இழுக்காமல், நாயின் பெயரைச் சொல்லி எதிர்ப்பக்கம் கூப்பிட்டு விலக்க வேண்டும்.

அதற்கும் அடுத்த படிதான் உறுமல். உறுமினால் அடிப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அடித்தால் உறுமல் நிற்கும், உறுமலுக்குக் காரணமான பயமோ வலியோ நிற்காது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த தடவை அந்தப் படியைத் தாண்டி நேரே கடிக்கு வரும். 'எச்சரிக்காமல் கடித்தது' என்று சொல்லப்படும் நாய்களில் பல, எச்சரிக்கக்கூடாது என்று வீட்டிலேயே பழக்கப்பட்டவை. உறுமினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: செய்துகொண்டிருந்ததை நிறுத்துங்கள், முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி இரண்டடி தள்ளி நில்லுங்கள். எதைத் தொட்டபோது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று குறித்துவையுங்கள்.

'இது தலைவனாகப் பார்க்கிறது, அடக்கி வைக்க வேண்டும்' என்று மல்லாக்கத் தள்ளி அமுக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்துக்கு வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்து வைத்துப் பார்த்தது அது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான், 'தலைவன்' என்ற சொல்லே பொருந்தாது என்று 1999-ல் எழுதிவிட்டார். வலியில் இருக்கிற நாயை அமுக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

'தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்பதும் அப்படித்தான். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நாய் தின்பண்டத்தை எடுத்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற' முகத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. வீட்டுக்காரர் திட்டும்போதுதான் அந்த முகம் வந்தது. எடுக்காத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டியது. அது பயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வளர்ந்த நாயின் குணம் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உடம்பைத்தான். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர், நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் அனுப்பப்பட்ட நாய், பூனைகளைப் பற்றி 2020-ல் எழுதினார்கள். குறைவாகக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்கில் வலி தரும் ஏதோ ஒரு நோய் இருந்தது, சில இடங்களில் அது 80 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது மூட்டு வலி. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற கனமான நாய்கள் டைல்ஸும் கிரானைட்டும் போட்ட தரையில் வழுக்கி வழுக்கியே வளர்கின்றன. காலையில் எழுந்திருக்க நேரம் எடுக்கும், பத்து நிமிடம் நடந்த பிறகு சரியாகிவிடும். மாடிப்படி ஏறத் தயங்கும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தத்தும். இதெல்லாம் 'சோம்பேறியாகிவிட்டது' என்று கழிந்துபோகும். ஒருநாள் தூங்கும் நாயின் இடுப்பின் மேல் பேரக்குழந்தை விழும். மறுநாள் செய்தித்தாளில் 'திடீரென்று'. நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், வாசல் வரைக்கும் ரப்பர் மிதியடியோ கோணிச் சாக்கோ வரிசையாகப் போட்டாலே நடை மாறுவதைப் பார்க்கலாம். எடையைக் குறைப்பது அடுத்தது. மனிதருக்கான வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றுமே நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

அடுத்தது காது. தொங்கு காது நாய்களில் மழைக்காலத்திலும், குளிப்பாட்டிவிட்டுத் துடைக்காமல் விடும்போதும் காதுக்குள் புண் வரும். தலையை உதறும், ஒரு பக்கம் சாய்க்கும், காதை மடித்து முகர்ந்தால் புளித்த வாடை அடிக்கும். அந்த நாயின் தலையைத் தடவப் போனால் சீறத்தான் செய்யும். பல்லும் அப்படியே. ஒரு பக்கமாகவே மென்றாலும், எடுத்த வாய் சோற்றைக் கீழே போட்டாலும் வாயைத் திறந்து காட்டச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கலாம். வாலருகே தொட்டால் திரும்பிக் கடிக்க வருவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மந்தமாகிவிடுவதும் குணமாற்றம்தான். கடிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும், வாசலுக்கு வராது, வழக்கமான சாப்பாட்டில் பாதியை விட்டுவிடும். தமிழ்நாட்டில் இப்படி ஒரு நாய் வந்தால் முதலில் தேட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காது மடலுக்குள், கால் விரல்களின் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் வெளுத்து, எடுத்ததும் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியே இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணி இப்போது கண்ணில் படவில்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், இந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா கிருமி உடம்பில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு வெளிப்படும். உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் பத்தே நாளில் மறுபடி ஏறிவிடும். நாய்க்கு மருந்து போடும் அன்றே அது படுக்கும் இடத்தின் சுவர், கதவிடுக்கு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெயும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் நாயின் மேல் படவே கூடாது. அதனாலேயே வலிப்பு வந்து தூக்கி வரப்படும் நாய்கள் உண்டு.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது சரியல்ல. 200 ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி நாய்க்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வேசலின் களிம்பு தடவி, ஒருவர் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, வாலைத் தூக்கி ஆசனவாய்க்குள் ஓரங்குலம் செலுத்தி, ஒலி வரும்வரை வைத்திருந்தால் போதும். 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் எனத் தோன்றும் 101 நாய்க்கு ஆரோக்கியம். நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும்.

பொட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பருவத்துக்கு வந்து முடிந்து ஆறு முதல் பத்து வாரத்தில், இணை சேராத நாயும் கட்டிலுக்கு அடியில் குழி பறிக்கும், செருப்பையோ பொம்மையையோ தூக்கிக்கொண்டு போய் அணைத்துப் படுக்கும், யாராவது கிட்டே வந்தால் பல்லைக் காட்டும். மடியில் பாலும் சுரக்கலாம். இது பொய்ச்சினை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். பாலைப் பீய்ச்சிப் பார்க்காதீர்கள், சுரப்பு கூடும். பொம்மையை அது வெளியே நடக்கப் போயிருக்கும் நேரத்தில் எடுத்துவிடுங்கள், கண்ணெதிரே பிடுங்கினால் சண்டைதான். கருத்தடை அறுவை செய்வதென்றால் இது முழுக்க அடங்கிய பிறகுதான்.

ராஜபாளையம் நாய் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அதன் அழகு. அந்த நிறத்தோடு சேர்ந்தே சில குட்டிகளுக்குப் பிறவிக் காது கேளாமையும் வருகிறது. கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் துள்ளித் திரும்பும், பல் படலாம். 'ராஜபாளையம் யாரையும் நம்பாது, சொந்தக்காரரையே கடிக்கும்' என்ற பெயரில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது என்பது எங்கள் கணிப்பு. குட்டி வாங்கும்போதே அது வேறு பக்கம் பார்த்திருக்கையில், தரை அதிராமல், காற்று படாமல், தள்ளி நின்று கைதட்டிப் பாருங்கள். கேட்காது என்று தெரிந்தால் அது வளர்க்கத் தகுதியற்றது ஆகிவிடாது. காலால் தரையை மெல்லத் தட்டி எழுப்புவது, தொடுவதற்கு முன் கையை முகரக் கொடுப்பது, கை சைகையில் பழக்குவது ஆகிய மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

வயதான நாய் நள்ளிரவில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைத்தால், தெரிந்த வீட்டிலேயே மூலையில் மாட்டிக்கொண்டு நின்றால், பழக்கமான ஆளைப் பார்த்து மிரண்டால், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தால் அது மூளை முதுமையாக இருக்கலாம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2001-ல் வெளியான கணக்கெடுப்பில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதமும் இத்தகைய அறிகுறி ஒன்றையாவது காட்டின. முழுக்கக் குணமாக்க முடியாது. ஆனால் இரவில் ஒரு சின்ன விளக்கு, மாறாத சாப்பாட்டு நேரம், மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருப்பது, மருத்துவர் தரும் மருந்து எல்லாம் சேர்ந்து நிலையைத் தாங்கக்கூடியதாக்கும். எட்டு மாதக் குட்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது இதற்கு நேர் எதிர். அது வயசுக் கோளாறு, சில மாதங்களில் கடந்துபோகும். அந்த வயதில் கைவிடப்படும் நாய்கள் அதிகம் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வீட்டுச் சூழலைத் தேட வேண்டும். மகள் வெளிநாடு போயிருக்கலாம், புதிதாகக் கைக்குழந்தை வந்திருக்கலாம், நடை கூட்டிப்போன தாத்தா படுக்கையில் விழுந்திருக்கலாம். சுவீடனின் லின்ஷோபிங் பல்கலைக்கழகத்தினர் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து, அதில் தங்கியிருந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். வளர்ப்பவருக்கு நீண்ட நாள் அழுத்தம் இருந்தால் நாய்க்கும் அதேபோல இருந்தது. வீடு நிம்மதியிழந்தால் நாய்க்கும் தெரிகிறது.

தீபாவளி வருவதற்கு முன் இதையும் அச்சிடுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, நாய்க்கு 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே பட்டாசு ஒலிப்பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் வைத்து, ஒலிக்கும்போதெல்லாம் பிடித்த தீனியைக் கொடுங்கள். தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள், குறையுங்கள். அன்றைக்கு வெயில் தாழும் முன்பே நடை கூட்டிப் போய் வந்து, இருட்டுவதற்குள் சாப்பாடு போட்டு, வீட்டின் நடு அறையில் ஜன்னலை மூடி, மின்விசிறியையும் டி.வி.யையும் போட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். உங்களை ஒட்டி வந்து படுத்தால் தாராளமாகத் தடவிக் கொடுங்கள். தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருந்து உண்டு, ஆனால் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் வர வேண்டும், அன்று இரவு போன் செய்து பயனில்லை. உடம்பை மரத்துப்போகச் செய்து பயத்தை உள்ளேயே விட்டுவைக்கும் பழைய மயக்க மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத மாற்றம் ஒன்று. சாதுவான நாய் கண்டதையெல்லாம் கடிக்கிறது, அல்லது முரட்டு நாய் வழக்கத்துக்கு மாறாக வந்து ஒட்டிக்கொள்கிறது. குரைப்பு கரகரத்து ஊளை போல மாறுகிறது. இருட்டில் போய் ஒதுங்குகிறது, கல்லையும் மரத்துண்டையும் கவ்வுகிறது, கீழ்த்தாடை தொங்கி எச்சில் வழிகிறது. இது ரேபிஸாக இருக்கலாம். தாடை தொங்குவதைப் பார்த்து 'எலும்பு சிக்கியிருக்கும்' என்று வாய்க்குள் கையை விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். நாயைத் தொடாமல் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கால்நடை மருத்துவரையோ 1962 என்ற எண்ணையோ அழையுங்கள். கடித்திருந்தாலோ, எச்சில் புண்ணில் பட்டிருந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், இரண்டு நிமிடம் முடிவதற்குள் 15 ஆகிவிட்டது போலத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 28-ம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப்புரத ஊசியும் வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது ஊசியைத் தள்ளிப்போடுவதற்காக அல்ல, ஊசி அன்றே தொடங்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் இரண்டு. சென்னை மாநகராட்சி போல வளர்ப்பு நாய்க்கு உரிமம் வழங்கும் உள்ளாட்சிகள், உரிமத்தோடு ஒரே ஒரு தாளில், படத்துடன், தமிழில் இந்த அறிகுறிகளை அச்சிட்டுத் தர வேண்டும். தடுப்பூசிச் சான்றைப் பார்க்கும் கையாலேயே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, தங்கள் நிருபர்களுக்கு. நாய்க்கடிச் செய்தி எழுதும்போது வீட்டுக்காரரிடம் இன்னும் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். கடிக்கும் முன் நாய் என்ன செய்துகொண்டிருந்தது, தூங்கியதா, தின்றதா? எந்த இடத்தில் கை பட்டது? போன ஒரு மாதத்தில் சாப்பாடு, தூக்கம், நடை எதிலாவது மாற்றம் இருந்ததா? கடைசியாக எப்போது மருத்துவரிடம் காட்டினார்கள்? பதில்களை அப்படியே அச்சிட்டால் போதும், 'திடீரென்று' என்ற சொல்லுக்கு அங்கே இடமிருக்கிறதா என்று வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
செல்லப்பிராணி சிகிச்சையில் உள்ள கால்நடை மருத்துவர்கள் சிலர்,
மதுரை.